ஒரே சுவரில் இரண்டு படங்கள்

பூதப்பாண்டிக்குப் போய் வந்தேன் என்றால், "பூதலிங்கசுவாமி தரிசனம் ஆயிற்றா?" என்றுதான் நாஞ்சில் நாட்டார் முதலில் கேட்பார்கள். ஆயிற்று. தாடகை மலையையும் பழையாற்றையும் அறுவடைக்குக் காத்திருந்த வயல்களையும் கண் நிறையக் கண்டதும் ஆயிற்று. அவற்றை வருணித்தே இந்தப் பக்கத்தை நிரப்பிவிடலாம். ஆசிரியரும் ஆட்சேபிக்க மாட்டார். ஆனால் நேயர்களிடம் நான் சொல்ல வந்தது வேறு விஷயம். அவ்வூரில் நான் தங்கிய வீட்டின் பட்டாசல் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று சுபாஷ் சந்திர போஸ். மற்றொன்று அந்த ஊரிலேயே 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு 21-ஆம் தேதி பிறந்த ப. ஜீவானந்தம்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். தேசபக்தர் வீட்டில் தேசபக்தர்களின் படங்கள் இருப்பது சகஜந்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வீட்டுப் பேரனுக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரியில் சரித்திரம் படிக்கிற பிள்ளை. காப்பி கொண்டு வந்து வைத்தவன் சுவரைக் காட்டி, "பாட்டா, யுத்த காலத்தில் இவருடைய கட்சி அவரை ஜப்பான்காரனின் கைப்பாவை என்று எழுதியிருக்கிறதே. இரண்டு பேரையும் நீங்கள் எப்படி ஒரே சுவரில் மாட்டினீர்கள்?" என்று கேட்டுவிட்டான்.

கேட்கப்பட்டவர் எண்பத்தைந்து பிராயம் கடந்த பெரியவர். தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சிற்றப்பா ஒருவர் யுத்தத்துக்கு முன் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதப் போனவர். ஜப்பானியர் அந்நாட்டைப் பிடித்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார் என்று ஒரு சேதி மட்டும் வந்ததாம். அதன் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. தபால்காரனின் வரவை எதிர்பார்த்துத் தம் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைச் சிறுவனாக அவர் பார்த்திருக்கிறார். ஆகையால் பேரனின் கேள்வி அவருக்குச் சரித்திரக் கேள்வி அல்ல, வீட்டுக் கேள்வி.

"இரு, மக்கா. தம்பி காப்பி குடிக்கட்டும்" என்றார். உடனே பதில் சொல்லவில்லை. நானும் அன்றிரவு வெகு நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜனங்களுக்குப் பிடிக்காத யுத்தம் ஒன்றை ஒரு தலைவர் ஆதரித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் தலைவராக இருக்க முடியுமா? முடியும் என்றால், எதனால்?

முதலில் நடந்தது என்ன என்று பார்க்கலாம். 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேளாமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமாச் செய்தன. கம்யூனிஸ்டுகளும் அப்போது அந்த யுத்தத்தை ஏகாதிபத்திய யுத்தம் என்றே கண்டித்தார்கள். அதற்காகச் சிறை சென்றார்கள். ஆனால் 1941 ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மனி சோவியத் ருஷ்யாமீது பாய்ந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் அதே யுத்தம் அக்கட்சிக்கு "மக்கள் யுத்தம்" ஆகிவிட்டது. 1942 ஜூலையில் சர்க்கார் கட்சியின்மீதிருந்த தடையை எடுத்தது. ஆகஸ்டு 8-ஆம் தேதி பம்பாயில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் நேருவும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள்.

இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் ஜனங்களின் கோபம் எங்கே பிறந்தது என்று தெரியும். ஹிட்லரை எதிர்ப்பது தவறு என்று நம் நாட்டில் யார் சொன்னார்கள்? நேருவைவிட பாஸிஸத்தை வெறுத்தவர் யார்? கம்யூனிஸ்டுகள் பாஸிஸத்தை எதிர்த்தது குற்றமாகப் படவில்லை. தேசம் முழுவதும் சிறைக்குள் போகிற மாதத்திற்கு முந்தின மாதம் அவர்கள் வெளியே வந்தார்கள் பாருங்கள், அதுதான் உறுத்திற்று. நியாயம் எதுவாயிருந்தாலும், சிறைக்காவலனோடு சேர்ந்து நிற்பவனைப் போல் அவர்கள் தோன்றிவிட்டார்கள். வாதத்தால் அந்தத் தோற்றத்தை அழிப்பது எளிதல்ல.

யுத்தமும் ஜனங்களைச் சும்மா விடவில்லை. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினார்கள். பர்மாத் தமிழர்கள் கால்நடையாக மலையும் காடும் கடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். பர்மா அரிசி நின்றது. அப்போது பூதப்பாண்டி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்தச் சமஸ்தானம் பர்மா அரிசியை நம்பி உலை வைத்துக்கொண்டிருந்த நாடு. நெல் விளையும் நாஞ்சில் நாட்டிலேயே மரச்சீனிக் கிழங்கு அவிந்து கிடந்த வேளைகள் உண்டு என்று பெரியவர் சொன்னார். வங்காளத்தில் 1943-இல் நேர்ந்த பஞ்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட யுத்தத்தை, யாருக்காக என்று கேட்டவர்களிடம், "உங்களுக்காகத்தான்" என்று மேடையேறிச் சொல்ல வேண்டுமென்றால் அசாத்தியத் துணிவு வேண்டும். அல்லது அசாத்திய நம்பிக்கை வேண்டும். ஜீவாவின் கட்சிக்கு இரண்டும் இருந்தன.

தமிழ்நாட்டில் யுத்தம் மற்றொரு விதத்திலும் வீட்டுக்குள் புகுந்திருந்தது. மலாய் நாட்டில் போஸின் படையில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் தமிழர்கள். தோட்டக்காட்டுக் கூலிகள், குமாஸ்தாக்கள், ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த பெண்கள். "மக்கள் யுத்தம்" பத்திரிகையோ போஸை ஜப்பானின் வளர்ப்பு நாயாகக் கேலிச் சித்திரம் போட்டது. (இந்த மதிப்பீடு பிழை என்று வெகு காலம் கழித்து ஜோதி பாசு ஒப்புக்கொண்டார்.) சிற்றப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் அந்தச் சித்திரம் எப்படிப் பட்டிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தண்டனையும் சீக்கிரமே வந்தது. 1945-இல் காங்கிரஸ் கம்யூனிஸ்டுகளைத் தன் சபையிலிருந்து வெளியேற்றிற்று. அந்த நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தாரின் விசாரணை தொடங்கிற்று. நாடெங்கும் அவர்கள் பெயரே பேச்சு. அந்தச் சூட்டிலேயே மாகாணச் சட்டசபைத் தேர்தல்கள் நடந்தன. கம்யூனிஸ்டுக் கட்சி இந்தியா முழுவதிலும் 108 இடங்களில் நின்று 8 இடங்களில் மட்டும் ஜயித்தது. அந்தக் கட்சியின் கதை முடிந்தது என்று 1946-இல் யாராவது சொல்லியிருந்தால் அவரைப் புத்திசாலி என்றே சொல்லியிருப்போம்.

ஆறே வருஷம். 1952-இல் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. அடுத்தபடியாக 62 இடங்களுடன் உட்கார்ந்திருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜயித்தார். வடசென்னைத் தொழிலாளிகள் வாழும் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜீவா வந்து சேர்ந்தார். (சொந்த ஊர் ஓட்டு அவருக்கு இல்லை; பூதப்பாண்டி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி.)

இனி வேடிக்கையைக் கேளுங்கள். இந்த 62 பேருக்கு எதிரே முதல் மந்திரி நாற்காலியில் வந்து அமர்ந்தவர் யார்? ராஜாஜி! அவரும் 1942-இல் ஜனப் பிரவாகத்துக்கு எதிராக நின்றவரே. ஜப்பான் வாசலில் நிற்கும்போது தேசிய சர்க்கார் அமைத்து நாட்டைக் காக்க வேண்டும், அதற்காக முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கைக்கும் இடங்கொடுக்க வேண்டும் என்றார். ஏப்ரலில் காரியக் கமிட்டியை விட்டார். ஜூலையில் காங்கிரஸையே விட்டார். ஆகஸ்டுப் போராட்டம் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். பம்பாயில் ஒரு கூட்டத்தில் அவர்மேல் தார் வீசினார்கள். துடைத்துக்கொண்டு மேலே பேசினார். அப்பேர்ப்பட்டவர் 1947-இல் மேற்கு வங்கக் கவர்னர், 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1952-இல் சென்னையின் முதல் மந்திரி! கம்யூனிஸ்டுகளுக்கு நானே முதல் எதிரி என்று சட்டசபையில் அறிவித்தார். பத்து வருஷத்துக்கு முன் ஊர் முழுவதும் ஏசிய இரண்டு தரப்பாரும், இப்போது ஊர் முழுவதும் பார்க்க, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டுத் தியாகிகளில் பலர் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ராஜாஜி விலை கொடுக்கவில்லை என்று நினைக்கக்கூடாது. 1946-இல் சென்னைக்கு அவரே பிரதம மந்திரியாக வேண்டும் என்று காந்தியடிகளுக்கு விருப்பம் இருந்தது. அது நடக்கவில்லை. 1942-இலிருந்து 1945 வரை சிறையில் இருந்துவிட்டு வந்த காமராஜர் ஒரு பக்கம். சிறைக்குப் போகாதவர் மறுபக்கம். கட்சித் தொண்டர்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? பிரகாசம் பிரதமர் ஆனார். ராஜாஜி பிறகு அடைந்த பதவிகளைக் கவனியுங்கள்: கவர்னர் பதவி, கவர்னர் ஜெனரல் பதவி, மேல்சபைக்கு நியமனம் பெற்றுக்கொண்டு முதல் மந்திரி பதவி. ஜனங்களிடம் நேரே ஓட்டுக் கேட்டுப் பெற்றது ஒன்றுகூட இல்லை. டில்லிக்கும் மேலிடத்துக்கும் அவருடைய மூளை தேவைப்பட்டது; அதனால் அவர் பிழைத்தார். கடைசியில் அவரை வீழ்த்தியது யுத்தமும் அல்ல, பாகிஸ்தானும் அல்ல. 1953-ஆம் வருஷத்து ஆரம்பக் கல்வித் திட்டம்! உலக மகாயுத்தம் சாய்க்க முடியாத மனிதரைப் பள்ளிக்கூட மணி சாய்த்துவிட்டது.

ஈ. வெ. ராமசாமிப் பெரியாரையும் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துகிறேன். ஜஸ்டிஸ் கட்சியும் யுத்தத்தில் சர்க்காரை ஆதரித்தது. ஆனால் 1944 ஆகஸ்டில் சேலத்தில் கட்சி "திராவிடர் கழகம்" என்று பெயர் மாறியபோது, சர்க்கார் தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானமும் கூடவே வந்தது. ராவ் பகதூர்களும் திவான் பகதூர்களும் முகஞ்சுளித்து விலகிப் போனார்கள். பெரியார் நிலைத்தார், பகதூர்கள் எங்கே என்று இன்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யுத்தத்தால் பட்டமும் கான்டிராக்டும் பெற்றவர்களையே ஜனங்கள் மறுபடி ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

கம்யூனிஸ்டுகள் விஷயத்துக்கு வருகிறேன். 1946-க்கும் 1952-க்கும் நடுவில் என்ன நேர்ந்தது? தெலுங்கானாவிலும் தஞ்சாவூரிலும் குடியானவர்களோடு அவர்கள் நின்றது ஒரு காரணம். அரிசிக் கஷ்டம் தீராமல் காங்கிரஸ்மேல் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டியது இன்னொரு காரணம். ஆனால் யாரும் அதிகம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. 1947 தொடக்கத்திலேயே சென்னைக் காங்கிரஸ் சர்க்கார் அவர்களைப் பிடித்து உள்ளே வைக்கத் தொடங்கிற்று. 1948-க்குப் பிறகு ஜீவா உட்படப் பலருக்கும் தலைமறைவும் சிறையுமே வாழ்க்கை. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 22 கைதிகள் மாண்டார்கள். 1942-இல் அவர்களிடம் இல்லாமற்போனது எதுவோ, அதைக் காங்கிரஸ் சர்க்காரே வலிய எடுத்துக் கொடுத்துவிட்டது! அவர்கள் அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆயுதப் புரட்சி என்று கிளம்பியது பெரும் பிழை என்று அவர்களே பின்னால் முடிவு கட்டினார்கள். நான் சொல்வது ஜனங்களின் கண்ணுக்குப் பட்டது எது என்பதைத்தான்.

இவ்வளவும் கட்சியின் கதை. ஜீவாவின் கதை இன்னும் எளிது. அவர் 1942-இல் பிறந்தவர் அல்ல. பூதப்பாண்டித் தெருவில் தாழ்த்தப்பட்ட தோழனோடு கைகோத்து நடந்ததற்காகத் தகப்பனார் கோபித்தபோது, தோழனை விடாமல் வீட்டை விட்டவர். வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் கோயில் தெருக்களுக்காகப் போராடியவர். காரைக்குடிப் பக்கம் சிராவயலில் ஆசிரமம் வைத்திருந்தபோது, 1927-இல் அங்கே வந்த காந்தியடிகள் உமக்குச் சொத்து எவ்வளவு என்று விசாரித்தாராம். இந்தியாவே என் சொத்து என்றாராம் இந்த இளைஞர். இல்லை, நீர்தான் இந்தியாவின் சொத்து என்றாராம் மகாத்மா. தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேளாதவர் குறைவு. பகத் சிங்கின் நாஸ்திக நூலைத் தமிழாக்கி அதற்காகக் கைதானவர். சட்டசபை அங்கத்தினரான பிறகும் தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தவர். மேடையில் கம்பனையும் பாரதியையும் எடுத்தால் நேரம் போவது தெரியாது என்பார்கள். நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி "காற்றில் கலந்த பேரோசை" என்று அவரைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே அதற்குச் சாட்சி. இப்படிப்பட்டவர் யுத்தத்தை ஆதரித்தபோது, "மனுஷன் தப்பாகச் சொல்கிறார்" என்று சொன்னவர்கள் இருந்திருக்கலாம்; "காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்" என்று சொல்ல நாக்கு எழும்பியிருக்காது.

மறுநாட் காலையில் பெரியவர் பேரனுக்குப் பதில் சொன்னார். தமிழாசிரியர் அல்லவா? புறநானூற்றிலிருந்து ஆரம்பித்தார். ஊருக்குப் பெயர் கொடுத்தவன் என்று அவ்வூரார் நம்பும் பூதப்பாண்டியன் போருக்குப் புறப்படுமுன் செய்த சபதம் அந்நூலில் இருக்கிறது. பகைவரை ஓட்டாவிட்டால் என் மனைவியைப் பிரிவேனாக, கொடுங்கோலன் என்று பெயர் எடுப்பேனாக, உயிருக்கு உயிரான நண்பர்களை இழப்பேனாக என்று அடுக்கிக்கொண்டே போகிறான். "பார்த்தியா மக்கா, அவன் பணயம் வைத்ததெல்லாம் அவனுடையது. ஊரான் பிள்ளையை அல்ல. ஜீவாவும் தன் பெயரைத்தான் வைத்தார். அவர் சொன்னது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் பாட்டி இருந்திருந்தால் அந்தப் படத்தை மாட்ட விட்டிருக்கவும் மாட்டாள். ஆனால் அவரிடம் வேறு என்ன இருந்தது, இழப்பதற்கு?"

பையன் எளிதில் விடுகிறவன் அல்ல. "நல்லவர் என்பதற்காகத் தப்பைத் தள்ளிவிடலாமா, பாட்டா? அப்படியானால் இலங்கைக்குப் பட்டாளம் அனுப்பியதை என்ன சொல்வீர்கள்?" என்றான்.

கேள்வி கூர்மையானதுதான். 1987-இல் ராஜீவ் காந்தி அனுப்பிய இந்திய அமைதிப் படை, சமாதானம் காக்கப் போய் யுத்தத்தில் மாட்டிக்கொண்டது. ஏறத்தாழ 1,200 சிப்பாய்களைப் பலிகொடுத்தது. ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துன்பமோ தமிழ்நாட்டின் நெஞ்சில் நெருப்பாக விழுந்தது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது வரவேற்கச் செல்ல முதல்வர் கருணாநிதி மறுத்துவிட்டார். ஆனால் ஓட்டுப் பெட்டி என்ன சொல்லிற்று? படை இன்னும் அங்கே இருக்கையில், 1989 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38-ஐக் காங்கிரஸும் அண்ணா தி.மு.க.வும் சேர்ந்து வாரிக்கொண்டு போயின! வடக்கே ராஜீவ் தோற்றார். அங்கே பேச்சு பீரங்கிப் பேரத்தைப் பற்றி. யுத்தத்தால் கோபமுற்ற நாட்டில் ஜயம், யுத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாத நாட்டில் தோல்வி. பிறகு 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நினைத்தால் ஓட்டுக் கணக்குப் பேச நா வரவில்லை. வாக்காளர்கள் முடித்துவிட்ட வழக்கை வேறு சிலர் முடிக்கவில்லை.

பிற தேசங்களிலும் இந்தக் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை. வியட்நாம் யுத்தத்தால் மனமுடைந்து, 1968 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸன் இனி நிற்க மாட்டேன் என்று ஒதுங்கினார். இராக் யுத்தத்தில் இறங்கிய டோனி பிளேர் 2005 தேர்தலில் ஜயித்தார்; ஆனால் 167 ஆக இருந்த பெரும்பான்மை 66 ஆகச் சுருங்கிற்று, இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் போனார். சர்ச்சிலோ ஜனங்கள் கொண்டாடிய யுத்தத்தை ஜயித்துக் கொடுத்தும் 1945-இல் தோற்றார். யுத்தம் ஒன்றே ஒரு தலைவரை ஆக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை போலும். ஆனால் ஜான்ஸனையும் பிளேரையும் தம் வீட்டுச் சுவரில் யார் மாட்டியிருக்கிறார்கள்?

ஜீவாவின் கடைசி மாதங்களில் சோதனை தலைகீழாக வந்தது. 1962 அக்டோபரில் சீனா நம் எல்லையில் படையெடுத்தபோது தேசம் முழுவதும் யுத்தத்தின் பக்கம்; கம்யூனிஸ்டுக் கட்சிக்குள்தான் குழப்பம். நவம்பர் முதல் தேதி அதன் தேசியக் கவுன்சில் சீன ஆக்கிரமிப்பைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. எல்லோரும் ஒரு மனதாக அல்ல. 1942-இல் விழுந்த அடி அந்த அறையில் இருந்த பலருக்கு நினைவிருந்திருக்கும். 1963 ஜனவரி 18-ஆம் தேதி ஜீவா காலமானார். கட்சி இரண்டாக உடைந்ததைப் பார்க்க அவர் இல்லை.

இன்று நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2010-இல் தபால் தலை வெளியிட்டார்கள். ஈரோட்டைத் தலைமையாகக் கொண்டு அவர் பெயரில் சர்க்கார் பஸ்கள்கூடச் சில காலம் ஓடின. அந்த யுத்தக் கொள்கையின் பெயரால் ஒரு தெருமுனைகூடக் கிடையாது. மனிதர் பிழைத்தார், அவர் சொன்ன வாதம் பிழைக்கவில்லை.

நான் புறப்படும்போது பையன் நாற்காலியின்மேல் ஏறி நின்று அந்த இரண்டு படங்களையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "பாட்டா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்லை, அண்ணாச்சி. தூசியாக இருந்தது" என்றான்.

அதற்குள் நாகர்கோவில் பஸ் வந்துவிட்டது.